சொல்லிவிட்டு நிற்பது

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. சென்னையிலிருந்து மகன் போன் செய்தால் நான் போனைக் கையில் எடுக்கக் கூடாது. ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பேச வேண்டும். அப்போதுதான் அவன் காது பிழைக்குமாம். கேலியாக ஆரம்பித்தது இது. எப்போது வழக்கமாக மாறியது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

போன வருஷக் கடைசியில் அப்படித் தள்ளி நின்றுகொண்டிருந்தபோதுதான் அவன் அந்த விஷயத்தைச் சொன்னான். மருமகளுக்கு லீவு முடிகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், ஸ்ரீரங்கத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றான். "அதுக்கென்னப்பா, வந்துடறோம்" என்று என் கணவர் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பேரனை நினைத்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன். ஆனால் புதன்கிழமையும் சனிக்கிழமையும் நான் புத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேனே, அது என்ன ஆவது? யாரும் கேட்கவில்லை. பொங்கல் கழிந்ததும் சொல்கிறேன் என்றேன். "இதுல தனியா சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?" என்றான்.

இருந்தது. அதற்கு என் குரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் குரல் பெரியது. அடக்கமாகவே சொல்கிறேன். பிறந்தது உப்பிலியபுரத்தில், வயலுக்குள் இருந்த வீட்டில். வரப்பின் இந்த முனையிலிருந்து மோட்டார் கொட்டகை வரைக்கும் கூப்பிட்டுப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் பெரிய அழகு ஒன்றும் கிடையாது. மோட்டாரை நிறுத்து, மாடு அவிழ்த்துக்கொண்டு போகிறது, சோறு ஆறுகிறது, இவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது அந்தக் குரலும் கூடவே வந்துவிட்டது. அதை எங்கே விட்டுவிட்டு வருவது?

என் கணவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கோபம் வந்தால் இன்னும் குறையும். கல்யாணமான புதிதில் நான் பேசும்போதெல்லாம் அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்குவார், பொங்குகிற பாலை அடக்குகிற மாதிரி. வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். மாமியார் அந்தக் கையைக் கற்றுக்கொண்டார். பிறகு நாத்தனார். பிறகு என் மகன், பேச ஆரம்பிப்பதற்கு முன்பே. நாலு பேர் முன்னால் அந்தக் குட்டிக் கை இறங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

கீழ்வீட்டு மாமி ஒருமுறை மாடியேறி வந்து, "பெருமாளுக்கு அமுது செய்யப்பண்ற நேரம். நீங்க போன்ல யாரையோ வெங்காயம் வாங்கிண்டு வரச் சொல்றேள். சித்த மெல்லப் பேசினா தேவலை" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்படித்தான் எல்லாமே. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. நல்ல குடும்பம், நல்ல மனுஷர்கள். கையை மட்டும் இறக்கினார்கள். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். "உங்க வீட்டம்மா ரொம்ப அமைதி" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நாசமாய்ப் போக.

புத்தூர் விவகாரம் சித்தப்பாவால் வந்தது. ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் திருச்சிக்கு அழைத்துவந்து என்னிடம் விடுவார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. சித்தப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று சித்தி பஸ் ஏற்றி அனுப்பினாள். புத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் காது பரிசோதனை செய்து மெஷின் கொடுக்கிற இடம். அதை நடத்துவது ஒரு சின்னப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும்.

அங்கே ஒரு கண்ணாடி அறை. சித்தப்பாவை அதற்குள் உட்காரவைத்துத் தலையில் ஹெட்போனை மாட்டினாள். வெளியே மேசையில் உட்கார்ந்து மைக்கில் அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள், காதில் விழுந்ததை அவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வது மேசைமேல் இருந்த ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். இதை அவள் அவருக்கு விளக்கினாள்தான், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி விளக்கினாள். அவர் தலையாட்டினார்.

"மழை" என்றாள்.

"எங்கங்க, ஒரு தூத்தலைக்கூடக் காணும்" என்றார் சித்தப்பா.

அவள் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். "மாடு."

"ரெண்டு நிக்குது. ஒண்ணு சினை."

இன்னொரு பெருக்கல் குறி. "தண்ணி."

"வேணாங்க. இப்பத்தான் கீழ டீ குடிச்சிட்டு வந்தோம்."

"வீடு."

"உப்பிலியபுரங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்குற தூரந்தான். அந்தப் பக்கம் வந்தா வாங்க."

அவள் என் பக்கம் திரும்பி, "வார்த்தை எதுவுமே பிடிபடல இவருக்கு. ரொம்பக் குறைஞ்சிருக்கு, பெரிய மெஷினாத்தான் வைக்கணும்" என்றாள் வருத்தத்தோடு. எனக்குச் சுர்ரென்றது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மழை என்று சொன்னால் மழையைப் பற்றி நாமும் ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை. மழை என்று அப்படியே திருப்பிச் சொன்னால் வம்புக்கு இழுக்கிறான் என்று அர்த்தம். அவர் மரியாதை கொடுத்தார், அவள் பெருக்கல் குறி போட்டாள்.

"பாப்பா, அவருக்கு எல்லாம் கேக்குது. உன்கூடப் பேசிக்கிட்டிருக்காரு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி, எத்தனையோ வருஷமாக அமுக்கி வைத்திருந்த குரலில், "சித்தப்பா, பதில் சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ அதையே திரும்பச் சொல்லுங்க" என்றேன்.

அந்த அறைக்குள் வெளிச்சத்தம் போகாது என்று பிறகு சொன்னார்கள். சித்தப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அவ்வளவுதானா? அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பின்னால் காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கையை இறக்குவார்கள் என்று பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெரிய கடைவீதிப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் என்று பின்னால் தெரியவந்தது. அவர் எழுந்து வந்தார்.

"அம்மா, நீங்க சொன்னது மொத்தமும் எனக்குக் கேட்டுச்சு" என்றார். "எம் மருமவன் காலைலேர்ந்து என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கான். நான் தலையாட்டிக்கிட்டே இருக்கேன். என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

மருமகன் சங்கடத்தோடு, "ஒண்ணுமில்லைங்க, கூப்பிட்டா எந்திரிங்க மாமான்னு சொன்னேன்" என்றார். நான் பாயிடம் சொன்னேன். "இம்புட்டுத்தானா? நான் என்னமோ சொத்தைக் கேக்குறான்னு நெனச்சேன்" என்று அவர் சிரித்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள், கேட்காதவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கெட்டிக்காரத்தனத்தோடு நல்ல மனசும் உண்டு. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். சித்தப்பா இந்தத் தடவை மழைக்கு மழை, மாட்டுக்கு மாடு என்று சரியாகச் சொல்லி, சின்ன மெஷினே போதும் என்று ஆனது. ஊருக்குப் போன பிறகும் நாலு நாள் அந்தப் பழக்கம் விடவில்லையாம். "சாப்பிடுறீங்களான்னு கேட்டா சாப்பிடுறீங்களாங்குறாரு, அந்தப் பொண்ணு என்ன பண்ணி அனுப்பிச்சுது?" என்று சித்தி போனில் கேட்டாள்.

கிளம்பும்போது அந்தப் பெண், "அக்கா, வாரத்துல ரெண்டு நாள் இங்க வர முடியுமா?" என்றாள்.

வேலை இதுதான். புதிதாக மெஷின் வைத்துக்கொண்டவர்கள் முதல் மாதத்திலேயே அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவார்கள். ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், தன் செருப்புச் சத்தம் எல்லாம் ஒன்றாகப் படையெடுத்து வரும், மனுஷப் பேச்சு மட்டும் அதில் காணாமல் போய்விடும். யாராவது எதிரே உட்கார்ந்து பேசிப் பேசிப் பழக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் அதற்குப் பொறுமை கிடையாது. என்னை எதிரே உட்காரவைத்தாள். பேச்சுக்குக் கூலி கிடைக்கும் என்று ஜோசியக்காரன்கூட எனக்குச் சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறிப் புத்தூர் போவேன். மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். பாய் வருவார், மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வருவார், இன்னும் சிலர். என்ன குழம்பு, யாருக்குக் கல்யாணம், பஸ்ஸில் என்ன தகராறு, இதுதான் பாடம். "நேத்துப் பள்ளிவாசல்ல பயான் கேட்டுச்சா பாய்?" என்று அங்கே நடந்த பிரசங்கத்தைப் பற்றிக் கேட்டால், "சத்தம் கேட்டுச்சும்மா, சேதி கேக்கல" என்பார். சில வாரத்தில் ஒருநாள், "அல்ஹம்துலில்லா, இன்னிக்குப் பாதிக்கு மேல வெளங்கிடுச்சு" என்று வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்த நடை வேறு.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணிடம், "நல்லவேளை, எந்தொண்டைக்கும் ஒரு எடம் கெடச்சுது" என்றேன்.

"தொண்டையா?" என்றாள் அவள். "சத்தத்தை மெஷின் பாத்துக்கும்க்கா. நீங்க பேசுற நேரத்துக்கு மட்டும் எல்லார் மெஷின்லயும் நான் கொஞ்சம் குறைச்சு வெக்கிறேன்."

கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டேன். இங்கேயும் கையை இறக்கித்தான் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். "அப்ப எதுக்கு என்னை வரச் சொன்னே?" என்றேன். குரல் தானாகவே உயர்ந்தது.

"நீங்க ஒண்ணு சொல்லிட்டு நிக்கிறீங்கக்கா. அவங்க பதில் சொல்ற வரைக்கும் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க. நாங்கல்லாம் கேட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுறோம். அவங்களுக்கு வார்த்தை போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். அதுக்குள்ள நாங்க ரெண்டு கேள்வி தாண்டிடுறோம். உங்களுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வரப்பில் நின்று கூப்பிட்டால் அப்படித்தான். கூப்பிட்டுவிட்டு நிற்க வேண்டும். சத்தம் அந்த முனைக்குப் போய், அங்கே இருப்பவன் நிமிர்ந்து, யார் என்று பார்த்து, அவன் பதில் திரும்பி வருகிற வரைக்கும் நிற்காவிட்டால் கூப்பிட்டதே வீண். இத்தனை வருஷமாக நான் வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்திருக்கிறேன். பதில் வரவில்லை, கை வந்தது. குரலைத்தான் குற்றம் சொன்னார்கள், நானும் குரல்தான் குற்றம் என்று நம்பிவிட்டேன். அன்றைக்கு மீதிச் சோற்றைச் சாப்பிட்டேனா இல்லையா என்று நினைவில்லை.

அதற்குப் பிறகுதான் பேரன் பிறந்தான். சென்னையில் ஒரு மாதம் இருந்தேன். அடுக்குமாடி வீடு, மகனுக்கு வீட்டிலிருந்தே வேலை, எந்நேரமும் மீட்டிங். குழந்தை தூங்கும், அல்லது மீட்டிங் நடக்கும், அல்லது இரண்டும். நான் ஜாடையிலேயே குடித்தனம் பண்ணினேன். பேசியதெல்லாம் பேரனைக் குளிப்பாட்டும்போதுதான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் பேசுவேன். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்து நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் வாயைக் கோணி ஒரு சத்தம் போடுவான். அந்த வீட்டில் எனக்குப் பதில் சொன்ன ஒரே ஆள் அவன். அவனை விட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன்.

திரும்பிவந்து புத்தூர் மாடியேறினால் பாய் கோபமாக இருந்தார். "எங்க போயிட்டீங்கம்மா? எல்லாரும் மறுபடி வாயை மட்டும் அசைக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்றார். ஆச்சி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

மகன் எங்களை ஒரேயடியாக வரச் சொன்ன விஷயத்தைப் பொங்கலுக்கு முந்திய புதன்கிழமை அவர்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். பாய்க்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பேரப்புள்ளைக்கா? போகத்தான் வேணும்" என்றார். பிறகு யோசித்து, "அங்க காது கேக்காதவங்க யாரும் இருக்காங்களா?" என்றார்.

"எல்லாருக்கும் நல்லா காது கேக்கும் பாய்."

"அப்ப உங்களுக்கு அங்க என்னம்மா வேலை?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். என்னிடமிருந்து கற்றதை என்மேலேயே காட்டுகிறாரே என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாட்டுப் பொங்கல் அன்று மகன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் வைத்தார் என் கணவர். எந்தத் தேதியில் லாரி பிடிப்பது என்று அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் போனை எடுத்தேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதோடு வைத்துக்கொண்டேன்.

"நான் அங்க வந்து இருக்க முடியாதுப்பா. மாசம் ஒரு வாரம் வரேன், புள்ளையப் பாத்துக்கறேன். மிச்ச நாளு எனக்கு இங்க வேலை இருக்கு" என்றேன். கத்தவில்லை. அடக்கவும் இல்லை. எனக்கு எது குரலோ அந்தக் குரலில் சொன்னேன். கீழ்வீட்டு மாமிக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் நானே ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன், கோவிச்சுக்காதடா என்பேன், அப்பாகிட்ட பேசு என்று நழுவுவேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. சோபாவில் என் கணவரின் கை மேலே வந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அவர் தலையைச் சொறியப் போய்விட்டது.

போனில் குழந்தை எங்கோ சிணுங்கியது. மகன் மூச்சு விடுவது கேட்டது. நான் நின்றேன்.

"அம்மா" என்றான் கடைசியில். "அங்க போய் நீ என்னதாம்மா பண்றே?"

இத்தனை மாதத்தில் அவன் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டு சித்தப்பாவின் மழையிலிருந்து ஆரம்பித்தேன். மாட்டுக்கு வந்தபோது அவன் சிரித்துவிட்டான். போன் காதோடு ஒட்டிச் சூடாகிவிட்டது. தள்ளிப் பிடி என்று அவன் சொல்லவில்லை.